அப்பா அருகில் இருக்கிறார்

கதவிடுக்கில் ஒரு மூக்கு தெரிந்தது.

"முடிஞ்சுதா? இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மூக்கு கிசுகிசுத்தது.

"மூடுங்க சார், வெளிச்சம் வெளிய தெரியுது," என்றான் பட்டன். மடிக்கணினி தொடையில் சுட்டது. ஒரு பக்கம் பழுதான பிரிண்டர்கள், இன்னொரு பக்கம் காகிதக் கட்டுகள், தலைக்கு மேல் தரை துடைக்கும் திரவ டப்பாக்கள். இரண்டு விரல்களால் தட்டிக்கொண்டிருந்தவன் பத்து விரல்களுக்கு மாறினான்.

பட்டன் என்பது அலுவலகம் வைத்த பெயர். மொபைல் செயலிகளில் விரல் படுகிற பொத்தான்களை எழுதுவது அவன் வேலை. நாலு வருஷமாக வேறு எதையும் எழுத விடவில்லை. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவன் ஸ்டோர் ரூமில் ஒளிந்திருந்ததற்குக் காரணம் எளியது. அவன் விடுப்பில் இருந்தான்.

தந்தைமை விடுப்பு, பத்து நாள். இன்று ஒன்பதாம் நாள். முதல் எட்டு நாளும் இதே ஸ்டோர் ரூமில்தான் கழிந்தன. நிறுவனம் அந்த ஆண்டின் 'குடும்ப நேய நிறுவனம்' விருதுக்குப் போட்டியிட்டது. விருதுக்கான விதி, தந்தைமை விடுப்பில் குறைந்தது ஒரு ஊழியராவது இருக்க வேண்டும் என்றது. விருதுக்காகக் காட்டப்போகும் செயலியை முடிக்கவோ பட்டனை விட்டால் ஆள் இல்லை. இந்தச் சிக்கலை நிறுவனத்தின் குடும்ப நல அதிகாரி ஒரே மூச்சில் தீர்த்துவைத்தார்.

"நீங்க லீவுதான். அதை உங்ககிட்டேர்ந்து யாராலயும் பறிக்க முடியாது, நான் விடமாட்டேன். அதனாலதான் கண்டிஷனா சொல்றேன், உங்க சீட்ல மட்டும் உக்காந்துடாதீங்க. உங்க லீவை நீங்களே மதிக்காத மாதிரி ஆயிடும். ஸ்டோர் ரூம்ல உக்காருங்க."

அவனுடைய நாற்காலியில் இப்போது ஒரு பூங்கொத்து உட்கார்ந்திருந்தது. மேலே பலகை: 'இந்த ஊழியர் தம் குழந்தையோடு இருக்கிறார்.' பூங்கொத்துக்குத் தினமும் தண்ணீர் தெளிக்க ஒரு ஆள். பட்டனுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பின்படி வழியாகப் போய் எடுத்துக்கொள்ளலாம்.

அவன் கைபேசி அதிர்ந்தது. மனைவி. கணக்கு டீச்சர், பிரசவ விடுப்பில் வீட்டில் இருப்பவள். அவளுடையது நிஜ விடுப்பு.

"எங்க இருக்க?"

"லீவுல."

"லீவுல எங்க?"

"ஸ்டோர் ரூம்ல."

மறுமுனையில் ஒரு பெருமூச்சும் பின்னால் பாப்பாவின் சிணுங்கலும் கேட்டன. "சரி, கேட்டுக்கோ. மூணேகாலுக்கு நீ வாசல்ல நிக்கணும். மூணேமுக்காலுக்கு பாப்பாவுக்கு இடுப்பு ஸ்கேன். முதல் தடவை செயலி ரிலீஸுன்ன. ரெண்டாவது தடவை மீட்டிங்குன்ன. டாக்டர் நாளைக்கு வெளியூர் போறார். இன்னிக்கு விட்டா ரெண்டு மாசம். அதுக்குள்ள எலும்பு இறுகிடும், அப்புறம் கத்தி வெக்கணும்னு சொல்லியிருக்கார். ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பிறந்த அன்று டாக்டர் குழந்தையின் இடது காலை மடக்கியபோது 'டக்'கென்று ஒரு சத்தம் வந்ததே, ஆறு வாரமாக அது அவன் காதிலேயே இருந்தது.

"வந்துடறேன்."

"என்னால பாப்பாவைத் தூக்கிட்டு மூணு மாடி இறங்க முடியாதுப்பா. தையல் மறுபடி விட்டுருக்கு. மூணேகால்னா மூணேகால். மூணு இருபது இல்ல."

டீச்சர் வைத்துவிட்டாள். அதே நொடியில் திரையில் இருந்த செயலி செத்து விழுந்தது.

கதவு திறந்தது. மூக்குக்குரியவனான டீம் லீட் இப்போது முழுதாக உள்ளே வந்தான். "பார்த்தியா? மறுபடி செத்துப்போச்சு. ரெண்டு மணிக்கு நடுவருங்க வர்றாங்க!"

செயலியின் பெயர் 'அப்பா அருகில்'. அப்பா தன் குரலை ஒருமுறை பதிந்து வைத்துவிட்டால் போதும். அலுவலகத்தில் இருந்தபடியே அவர் பொத்தானை அழுத்தினால், வீட்டில் தொட்டில் பக்கத்தில் இருக்கும் சின்ன ஒலிபெருக்கி 'கண்ணு, அப்பா இங்கதான்டா இருக்கேன்' என்று சொல்லும். ஒரு அழுத்தலுக்கு ஒரு மதிப்பெண். நாளுக்கு நூறு எடுத்தால் 'முழுமைத் தந்தை' என்று திரையில் ஒரு நட்சத்திரம் சுற்றும். ஒரே ஒரு குறை. செயலி ஓடும்போது வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் அது செத்துவிடும். சோதித்துப் பார்த்த முப்பது அப்பாக்களுக்கும் வீட்டிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது.

"யோசி பட்டன். வீட்டுலேர்ந்து போன் வந்தா செயலி சாகுது. அப்ப கோளாறு எங்க இருக்கு?"

"செயலியில."

"வீட்டுல!" டீம் லீட் விரலைச் சொடுக்கினான். "வீட்டுலேர்ந்து வர்ற போனை எடுக்காம வெட்டிவிடு. சும்மா வெட்டக் கூடாது, மரியாதையா ஒரு மெசேஜ் போகட்டும். 'அப்பா அன்போடு அருகில் இருக்கிறார்'னு. பத்து நிமிஷ வேலை."

"அப்ப வீட்டுல அவசரம்னா?"

"அவசரத்துக்கு அடுத்த வெர்ஷன்ல பார்த்துக்கலாம்."

பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஆனால் காட்டுவதற்கு ஒரு கைபேசி வேண்டும். சோதனைக் கைபேசிகள் பீரோவில் இருந்தன. பீரோச் சாவி வைத்திருந்தவர்தான் அந்த நிறுவனத்தில் தந்தைமை விடுப்பு கேட்ட நாளிலிருந்தே நிஜமாக வீட்டில் இருந்த ஒரே ஊழியர். வேலையை விட்டுவிட்டார், சாவியைத் திருப்பித் தரவில்லை. ஆகவே பட்டனின் சொந்தக் கைபேசியில் புதிய செயலியை ஏற்றி, அதையே டீம் லீட் மேடைக்கு எடுத்துப் போனான்.

"மூணு மணிக்குத் திருப்பிக் கொடுத்துடுங்க சார்."

"உன் பொருள் எனக்கெதுக்கு?" என்றான் அவன்.

*

இரண்டு மணிக்கு நடுவர் குழு வந்தது. தலைமை நடுவர் ஒரு அம்மையார். குடும்பங்களைப் பற்றிப் பேசுவதற்காகவே வருஷத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவர். கூட வந்த இருவரும் அவர் தலையாட்டும்போது தலையாட்டினார்கள். ஸ்டோர் ரூமின் சாவித்துவாரம் வழியாகப் பட்டன் பார்த்தான். அம்மையார் அவன் நாற்காலிக்கு எதிரே நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தனையோ ஆபீஸ் பார்த்திருக்கேன். ஆனா இப்படி ஒரு காலி நாற்காலியைப் பார்த்ததில்ல. என்கிட்ட பேசுது."

நாற்காலியோடு படம் எடுத்துக்கொண்டார். பூங்கொத்தின் மேல் கை வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். பிறகு, யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். "இந்தத் தகப்பனை நான் பார்க்கணும். குழந்தையோட."

குடும்ப நல அதிகாரியின் சிரிப்பு அரை நொடி நின்றது. மீண்டும் ஓடியது. "தாராளமா மேடம்! வீடு பக்கத்துலதான். பத்து நிமிஷத்துல வந்துடுவார்."

அடுத்த நிமிஷம் அதிகாரி ஸ்டோர் ரூமுக்குள் இருந்தார்.

"நீங்க உடனே வீட்டுலேர்ந்து வரணும்."

"மேடம், நான் இங்கதானே இருக்கேன்..."

"அது எனக்குத் தெரியாதா? வீட்டுலேர்ந்து வரணும். குழந்தையோட."

"குழந்தை வீட்டுல இருக்கு மேடம்."

"அதான் பிரச்சினை! இதையெல்லாம் நீங்க முன்னாடியே யோசிச்சு வெச்சிருக்க வேண்டாமா? தகப்பன்னா ஒரு பொறுப்பு வேணாம்?"

வீட்டுக்குப் போக இருபது நிமிஷம், வர இருபது. அதிகாரி கணக்குப் போடவில்லை. வாசலில் இருந்த செக்யூரிட்டிப் பெரியவருக்குப் போன் போட்டார். "பெரியவரே, அவசரமா ஒரு குழந்தை வேணும். எங்கேர்ந்தாவது. ஆபீசுக்குன்னு சொல்லுங்க."

எட்டாவது நிமிஷம் பின்படியில் பெரியவர் மூச்சிரைக்க ஏறி வந்தார். கையில் ஒரு ஆண் குழந்தை. நீலத் தொப்பி, கொழுகொழு கன்னம், கீழே இரண்டு பல். பட்டனின் கைக்கு வந்ததும் அவன் சட்டைப் பொத்தானை உரிமையோடு வாயில் போட்டது.

"யாரோட குழந்தை மேடம் இது?"

"கேக்காதீங்க. தெரிஞ்சா உங்களுக்கு நடிக்க வராது."

"என்னுது பொண்ணு. ஆறு வாரம்தான் ஆகுது. இதுக்குப் பல்லு இருக்கு."

"வாயை மூடி வெச்சுக்கச் சொல்லுங்க," என்றார் குடும்ப நல அதிகாரி.

*

பட்டன் பின்படியில் இறங்கி, கட்டிடத்தைச் சுற்றி, முன்வாசல் வழியாக வீட்டிலிருந்து வந்தான். கைதட்டினார்கள். கூட்ட அறையில் மேடை, ஒலிவாங்கி, பெரிய திரை. திரையில் அவனுடைய கைபேசியின் முகம் பூதாகரமாகத் தெரிந்தது. சுவர்க் கடிகாரம் இரண்டு ஐம்பது காட்டியது.

"குழந்தைக்கு வயசு என்ன?" என்றார் தலைமை நடுவர்.

"ஆறு வாரம்," என்றார் அதிகாரி.

குழந்தை அந்தச் சமயம் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரித்தது.

அம்மையார் குனிந்து பார்த்தார். இரண்டு உதவி நடுவர்களும் குனிந்தார்கள். "ஆறு வாரத்துல ரெண்டு பல்லா?"

"அப்பா முழு நேரமும் கூட இருக்கார் இல்லையா மேடம்," என்றார் அதிகாரி. "வளர்ச்சி வேகமாத்தான் இருக்கும்."

உதவி நடுவர் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

அப்போது நிறுவனத்தின் தலைவர் வந்தார். எல்லாரும் எழுந்தார்கள். தலைவர் நேராகப் பட்டனிடம் வந்து, கேமரா பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார். "பேஷ்! அப்படியே உங்க ஜாடை. மூக்கு மட்டும் அம்மா போல இருக்கு." பளிச், பளிச் என்று படம் எடுத்தார்கள். தலைவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு மேடையேறினார்.

"தகப்பன் வீட்டுக்குப் போகணும்ங்கறாங்க. நான் கேக்கறேன், எதுக்குப் போகணும்? குழந்தைக்கு வேண்டியது தகப்பன் இல்ல. தகப்பனோட உணர்வு. அந்த உணர்வு எத்தனை கிலோ? அதை அனுப்ப ஒரு ஆள் எதுக்கு? தகப்பனை வீட்டுக்கு அனுப்பாமலே தந்தைமையை வீட்டுக்கு அனுப்புறோம். அதுதான் இந்த நிறுவனம்!"

பலத்த கைதட்டல். பட்டனின் தோளில் இருந்த குழந்தை திடீரெனத் துள்ளியது. தலைவரின் குரல் கேட்டதும் அதன் முகம் மலர்ந்தது. ஆனால் அது மேடையைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஒலிபெருக்கிப் பெட்டியைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டிற்று.

"நானும் ஒரு தகப்பன்தான்," என்று தலைவர் தொடர்ந்தார். "ஊருக்கு உபதேசம் பண்ற ஆள் இல்ல நான். இந்தச் செயலியை முதல் நாள்லேர்ந்து நானே பயன்படுத்துறேன். என் சராசரி மதிப்பெண் தொண்ணூத்தி ஏழு. மிச்சம் மூணும் விமானத்துல சிக்னல் கிடைக்காததால போச்சு."

குழந்தை பெட்டியைப் பார்த்து மழலையில் ஏதோ பதில் சொன்னது. அம்மையார் நெகிழ்ந்தார்.

மணி மூன்று ஐந்து. டீம் லீட் செயலியை ஓட்டிக் காட்டத் தொடங்கினான். பெரிய திரையில் பொத்தான் மினுங்கியது. அழுத்தினான். 'கண்ணு, அப்பா இங்கதான்டா இருக்கேன்' என்றது பட்டனின் குரல். அறை முழுக்க 'ஆஹா'. திரையின் மூலையில் ஒரு சின்ன எழுத்து தோன்றியது: 'தடையில்லா அன்பு: தவிர்க்கப்பட்ட அழைப்பு 1.'

பட்டன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

'தவிர்க்கப்பட்ட அழைப்பு 2.'

"பாருங்க!" என்றான் டீம் லீட். "இப்ப வெளியிலேர்ந்து தொந்தரவு வருது. ஆனா அப்பாவோட கவனம் சிதறல. செயலி தானே சமாளிக்குது!"

3. 4. 6. எண் ஏற ஏறக் கைதட்டல் கூடியது. உதவி நடுவர்கள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். "ஏழு! எட்டு!" வீட்டில், மூன்றாம் மாடியில், ஒரு கையில் பாப்பாவும் ஒரு கையில் கைபேசியுமாக ஒருத்தி நிற்பது அந்த அறையில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரிந்தது.

பட்டன் எழுந்துவிட்டான். "நான் போகணும்."

"எங்கே?" என்றார் தலைமை நடுவர்.

"வீட்டுக்கு. என் குழந்தைக்கு டாக்டர்கிட்ட..."

"குழந்தை கையிலதானே இருக்கு?"

அதிகாரி பாய்ந்து வந்து அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார். "வீட்டுலேர்ந்து இப்பதான் வந்தார் மேடம், அதுக்குள்ள வீட்டு ஞாபகம்! எங்க ஊழியர்களை நாங்க அப்படி வெச்சிருக்கோம்!"

அறை சிரித்தது. திரையில் 'பதினொன்று' என்று வந்தது.

*

மூன்று இருபத்திரண்டுக்குக் கைபேசி அவன் கைக்குத் திரும்பியது. பதினான்கு தவிர்ப்புகள். பதினான்கு முறையும் டீச்சருக்குப் போயிருக்கிறது: 'அப்பா அன்போடு அருகில் இருக்கிறார் .' அவன் அழைத்தால் அவள் எடுக்கவில்லை. சரி, ஓட வேண்டியதுதான். ஆனால் ஒரு கை காலியாக இல்லை.

"மேடம், குழந்தையைப் பிடிங்க."

"ஐயோ, என்கிட்ட தராதீங்க. எனக்குக் குழந்தைங்கன்னா அலர்ஜி," என்றார் குடும்ப நல அதிகாரி. "செக்யூரிட்டிகிட்ட கொடுங்க."

செக்யூரிட்டிப் பெரியவர் மூன்று மணிக்கு ஷிஃப்ட் முடிந்து போயிருந்தார். வாசலில் புது ஆள். அவன் பதிவேட்டைப் புரட்டினான்.

"சார், குழந்தை உள்ள வந்ததுக்கு என்ட்ரியே இல்லையே."

"பின்படி வழியா வந்துச்சு."

"என்ட்ரி இல்லாத பொருள் வெளிய போகக் கூடாது சார். மேல கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

மூன்று இருபத்தாறு. பட்டன் லிஃப்டுக்கு ஓடினான். கதவு திறந்தது. உள்ளே தலைவர் தனியாக நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை.

"சார், மன்னிக்கணும். இந்தக் குழந்தை யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தலைவர் நிமிர்ந்தார். குழந்தையைப் பார்த்தார். இவனைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். "நல்ல ஜோக்! புதுசுல எல்லா அப்பாவுக்கும் இப்படித்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்." சொல்லிக்கொண்டே, பார்க்காமல், கட்டைவிரலால் தன் கைபேசியில் பொத்தானை ஒருமுறை அழுத்தினார். ஒரு மதிப்பெண் ஏறிய மணியோசை கேட்டது.

"சார், ஒரு கையெழுத்து..."

வெளியே போகும் சீட்டில் தலைவர் படிக்காமலே கையெழுத்திட்டார். வாசல்காரன் பதிவேட்டில் எழுதினான்: 'இதர பொருள், ஒன்று.' கதவு திறந்தது.

எதிரே சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பூங்கா. பூங்காவின் வேலியோரம் நடுவயதுப் பெண் ஒருவர், ஆயா உடுப்போடு, காலித் தள்ளுவண்டியைப் பிடித்தபடி இந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். குழந்தை அவரைக் கண்டதும் கத்திக் கையை ஆட்டியது.

பட்டன் சாலையைக் கடந்து குழந்தையை அவரிடம் கொடுத்தான். "அம்மா, இது யாரு வீட்டுப் பிள்ளை?"

யார் வீடு, எப்படி அனுப்பினார் என்று அந்தப் பெண் எல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு, குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தபடி, ஆசையோடு ஒன்று கேட்டார்.

பட்டன் வாழ்க்கையில் அதிகம் பொய் சொன்னவனில்லை. அன்று சொன்னான். சொல்லிவிட்டு ஓடினான்.

*

மருத்துவமனைக்குள் அவன் நுழைந்தபோது மணி நாலு ஐந்து. ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் டீச்சர் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கீழ்வீட்டு வாஷிங் மெஷின் மெக்கானிக், கிரீஸ் படிந்த சட்டையோடு, பாப்பாவை நெஞ்சில் சாய்த்து வைத்திருந்தார். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு கால்களையும் அகட்டிப் பட்டை கட்டியிருந்தார்கள்.

"மூணேமுக்காலுக்கு உள்ள போயிட்டோம் தம்பி," என்றார் மெக்கானிக், குற்றம் செய்தவர் போல. "டாக்டர் 'அப்பா, காலைப் பிடிங்க'ன்னார். நான் அப்பா இல்லன்னு சொல்றதுக்குள்ள பிடிக்க வெச்சுட்டார். பாப்பா ரொம்ப அழல."

"என்ன சொன்னாங்க?"

டீச்சர் அவனைப் பார்க்காமல் பேசினாள். "இடது பக்கம் மூட்டு விலகியிருக்கு. ரெண்டு மாசம் பட்டை. இன்னிக்கு வந்ததால பட்டையோட போச்சு, கத்தி வேண்டாம்னார்." பிறகு தன் கைபேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். 'அப்பா அன்போடு அருகில் இருக்கிறார் .' விரலால் தள்ளினாள். அதேதான். தள்ளினாள். அதேதான். "பதினாலு. இதை எழுதின கை யாரோடது?"

"என்னோடது."

"தெரியும். உன் எழுத்துல எப்பவும் முற்றுப்புள்ளிக்கு முன்னாடி ஒரு இடம் விட்டிருக்கும்."

அவன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். மெக்கானிக் மெதுவாகப் பாப்பாவை அவன் மடிக்கு மாற்றினார். பட்டை உறுத்தாமல் எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருவதாக நழுவினார்.

அப்போது டீச்சரின் கைபேசி ஒலித்தது. நிறுவனம் எல்லா ஊழியர் வீடுகளுக்கும் செய்தி அனுப்பியிருந்தது. 'குடும்ப நேய நிறுவனம் விருது நமக்கே!' கீழே படம். பட்டன். அவன் தோளில் இரண்டு பல் காட்டிச் சிரிக்கும் ஆண் குழந்தை. அதன் கன்னத்தைக் கிள்ளும் தலைவர்.

டீச்சர் படத்தைப் பெரிதாக்கினாள். இடமும் வலமும் நகர்த்தினாள்.

"ஏம்ப்பா, நான் இங்க பதினாலு தடவை கூப்பிட்டுக்கிட்டு நிக்கறேன், நீ அங்க யார் பிள்ளையைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கற?"

பட்டன் பாப்பாவை அசைக்காமல் ஒரு கையை நீட்டினான். கன்னத்தைக் கிள்ளிய விரல்களில் தொடங்கி, கோட்டின் கை வழியாக மேலே போய், கேமராவைப் பார்த்துச் சிரித்த அந்த முகத்தில் விரலை வைத்தான்.

"இவரோட பிள்ளையை."

டீச்சர் படத்தை இன்னொரு முறை பார்த்தாள். "விளையாடுறியா? பக்கத்துல நிக்கறாரே."

"அப்படியே என் ஜாடைன்னார்."

"சரி, பிள்ளையைப் பார்த்துக்கறவங்க எப்படித் தூக்கி முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்ட கொடுத்தாங்க?"

"செக்யூரிட்டிப் பெரியவர் போய் ஆபீஸ்ல கேக்கறாங்கன்னாராம். ஆயாம்மா, அப்பாதான் பார்க்கணும்னு கூப்பிட்டு அனுப்பியிருக்கார்னு நினைச்சுட்டாங்க. இதுதான் முதல் தடவையாம். அவசர அவசரமா முகத்தைத் துடைச்சு, புதுத் தொப்பி போட்டு அனுப்பியிருக்காங்க." பட்டன் பாப்பாவின் பட்டையை ஒரு விரலால் தடவினான். "பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கறப்ப, 'அப்பா தூக்கிக்கிட்டாரா தம்பி?'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ரொம்ப நேரம் தூக்கி வெச்சிருந்தார்னு சொல்லிட்டேன்."